மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே சத்துவாச்சாரி

வேலூரில் வீடு தேடுகிறவர்கள் சத்துவாச்சாரியைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுத் தாங்களும் கூடவே தங்க நினைக்கும் பெற்றோர், பணி ஓய்வுக்குப் பிறகு குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து மருத்துவமனைக்குக் கிட்டத்தில் வந்துவிட விரும்பும் முதியவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள். "நல்ல ஏரியாவா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மலைப் பக்கமா, ஆற்றுப் பக்கமா?"

வேலூரில் எந்தக் குடியிருப்புப் பகுதியையும் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் அனுபவம். சத்துவாச்சாரிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தெற்கே மொட்டைப் பாறைக் குன்றுகள். வடக்கே பாலாறு. நடுவே கிழக்கு மேற்காக ஊரைப் பிளந்துகொண்டு ஓடும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. முன்பு அதற்கு எண் 46, இப்போது 48. இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருக்கிறதோ, அதுதான் உங்கள் தண்ணீரையும் தூக்கத்தையும் மழைக்கால நிம்மதியையும் தீர்மானிக்கும். வாடகையும் தெருவின் அழகும் அதற்குப் பிறகுதான்.

வெளியூர்க்காரர்கள் பலர் சத்துவாச்சாரியைப் புதிதாக முளைத்த விரிவாக்கப் பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹவுசிங் போர்டு வீடுகளையும் அரசு அலுவலகங்களையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது பழைய ஊர். "அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. அந்தச் சாமி இல்லாத கோயில், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில். படையெடுப்புகளின் காலத்திலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்தது. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் வருவார்கள், பூசை கிடையாது. மூலவரான லிங்கம் அந்தக் காலம் முழுவதும் இருந்த இடம் எங்கள் சத்துவாச்சாரிதான். 1981 மார்ச் மாதத்தில் அந்த லிங்கத்தை இங்கிருந்து மூடிய லாரியில் கொண்டுபோய்க் கோட்டைக் கோயிலில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். அன்று அதைப் பார்த்த தலைமுறை இன்னும் பழைய ஊர்ப் பகுதியில் இருக்கிறது. அவர்கள் பேசும்போது, ஏதோ நேற்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதைப் போல் பெருமையும் ஏக்கமும் சேர்ந்தே வரும். சத்துவாச்சாரிக்குக் குடிவருகிறவர்கள் இந்த ஒரு கதையையாவது தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பழைய ஊருக்கும் புதிய காலனிக்கும் இடையே உறவு அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பழைய ஊரின் மையம் இன்றும் கெங்கையம்மன் கோயில்தான். வைகாசியில் சிரசுத் திருவிழா வரும்போது, ஆண்டு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் காலனி வீடுகளும் வெளியே வந்துவிடும். அம்மன் சிரசு வீதியுலா வரும் வழியில் தேங்காய் உடைக்கும் சத்தம் விடாமல் கேட்கும். அந்த நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கும் போய்விட முடியாது. திருவிழாத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு பால், காய்கறியை முதல்நாளே வாங்கிவிடுவது நல்லது. அதைவிட நல்லது, வெளியே வந்து நின்று பார்ப்பது.

காலனி எப்படி வந்தது என்பதற்கு மாவட்டத்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும். வடஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகரம். அதற்குப் பிறகுதான் வேலூர் தலைநகரமானது. கோட்டையைச் சுற்றி, இன்று அண்ணா சாலை என்று அழைக்கப்படும் ஆபீசர்ஸ் லைன் ஓரத்தில், லாங் பஜார், மண்டித் தெரு, கொசப்பேட்டை, சைதாப்பேட்டை என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்த நகரத்தில் வளர இடமில்லை. மேற்கிலும் தெற்கிலும் ஊர்கள், கிழக்கில் குன்றுகள். அந்தக் குன்றுகளைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் திறந்த வெளியாக இருந்தது சத்துவாச்சாரிதான். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம் இங்கே வந்தது, நீதிமன்ற வளாகம் வந்தது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து, பேஸ் 1, பேஸ் 2, பேஸ் 3 என்று அடுக்கடுக்காகக் குடியிருப்புகளை உண்டாக்கியது. 1989-இல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம் சுருங்கிக்கொண்டே வந்தாலும் சத்துவாச்சாரியில் வீடுகள் குறையவில்லை. தனி நகராட்சியாக இருந்த ஊர் 2011-இல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

இங்கே குடியிருப்பவர்களின் குணமும் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். அரசு ஊழியர், ஆசிரியர், வழக்கறிஞர், ஓய்வூதியர். காலை ஒன்பதரைக்குத் தெரு காலியாகும், ஐந்தரைக்கு நிரம்பும். தெருவில் யாராவது ஒருவருக்கு வருவாய்த் துறையின் விதிகள் மனப்பாடமாக இருக்கும், இன்னொருவருக்கு ஓய்வூதிய விதிகள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கருவூலத்தில் வேலை பார்த்தவர். மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பிறகுதான் பேனாவை எடுப்பார். இந்த உதவும் குணம் இந்தப் பகுதியின் பெரிய செல்வம். நகரத்துக்குள் சைதாப்பேட்டைச் சந்துகளில் தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கலகலப்பு இங்கே கிடையாது. பின்னிரவில் டீக்கடை தேடினால் நெடுஞ்சாலைக்குத்தான் வர வேண்டும். எனக்கு அந்தக் கலகலப்பும் பிடிக்கும். ஆனால் பிள்ளைகள் படிக்கவும் முதியவர்கள் மாலையில் நடக்கவும் இந்த அகலமான தெருக்களே தோதானவை.

ஹவுசிங் போர்டு வீட்டை விலைக்கு வாங்க நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் சித்தப்பா இங்கே வீடு வாங்கியபோது கூடவே அலைந்தவன் நான். வாரியம் வீட்டையோ மனையையோ ஒதுக்கும்போது முதலில் கொடுப்பது ஒதுக்கீட்டு ஆணை. ஒதுக்கீடு பெற்றவர் தவணைகளைக் கட்டி முடித்து, இறுதி விலையில் பாக்கி இருந்தால் அதையும் செலுத்திய பிறகுதான் கிரயப் பத்திரம் அவர் பெயரில் பதிவாகும். சித்தப்பா பார்த்த வீட்டின் கோப்பு பார்க்க அருமையாக இருந்தது. பழுப்பேறிய ஒதுக்கீட்டு ஆணை, நூல் கோத்துக் கட்டிய தவணை ரசீதுகள், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, எல்லாம் ஆண்டு வாரியாக. கிரயப் பத்திரம் மட்டும் இல்லை. ஒதுக்கீடு பெற்றவர் கடைசித் தவணை வரை கட்டியிருந்தார், ஆனால் பத்திரம் பதிவு செய்யாமலேயே காலமாகிவிட்டார். "பணமெல்லாம் கட்டியாச்சு, வேறென்ன வேண்டும்?" என்று அவர் குடும்பத்தினர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், வாரிசுகள் பெயருக்குக் கிரயம், அதற்குப் பிறகு சித்தப்பா பெயருக்குக் கிரயம் என்று அது நீண்டது. அத்தனையும் முடியும் வரை சித்தப்பா முன்பணத்தைக்கூடக் கைமாற்றவில்லை. அது மிகச் சரியான முடிவு.

ஆகவே எல்ஐஜி, எம்ஐஜி, எச்ஐஜி (குறைந்த, நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவினருக்கானவை) என்று எந்த வகை வீடாக இருந்தாலும், வாரியம் கொடுத்த கிரயப் பத்திரத்தின் மூலப் பிரதியைக் கண்ணால் பார்க்காமல் பேச்சை வளர்க்காதீர்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு விற்க வருகிறவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் பொதுவாகச் செல்லாததாகிவிடும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். ஒதுக்கீடு நடந்த காலத்திலிருந்து பாருங்கள், கடைசிச் சில ஆண்டுகளோடு நிறுத்திவிட வேண்டாம். பின்பக்கமும் மாடியும் பெரும்பாலும் பிற்காலத்தில் கட்டியதாகத்தான் இருக்கும். அதற்குத் திட்ட அனுமதி இருக்கிறதா, சொத்து வரி முழுக் கட்டடத்துக்கும் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இனி தண்ணீர். சத்துவாச்சாரியில் குடியிருப்பதென்றால் பாதி தண்ணீரோடு குடியிருப்பதுதான். பாலாறு ஓடாத ஆறு என்று கேலி பேசுகிறவர்களுக்கு அந்த மணலுக்கு அடியில் இருந்த ஊற்று தெரியாது. ஒரு காலத்தில் ஆற்றுப் படுகையில் கையால் தோண்டினாலே தண்ணீர் சுரக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மணல் போனது, ஊற்றும் இறங்கிவிட்டது. மேலே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிலின் கழிவு ஆற்றுக்குச் செய்த கொடுமை தனி. பாலாற்றை முன்னிட்டு வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்தியது. சட்டக் கல்லூரிகளில் நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆற்றங்கரையில் குடியிருக்கும் நாம் அதை மறந்துவிடக் கூடாது.

வீடு பார்க்கப் போகும்போது "போர்வெல் இருக்கிறது" என்று உரிமையாளர் சொன்னதும் திருப்திப்பட்டுவிட வேண்டாம். ஆற்றுப் பக்கத்து மண்ணில் தண்ணீர் ஓரளவு மேலேயே கிடைக்கும். மலைப் பக்கம் போகப் போகக் கருங்கல். எவ்வளவு ஆழம் போட்டாலும் கோடையில் காற்று வரும் கிணறுகள் அங்கே உண்டு. எத்தனை அடி ஆழம், மே மாதத்தில் மோட்டார் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்று கேளுங்கள். அதை உரிமையாளரிடம் கேட்பதைவிட, அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகும் குடித்தனக்காரரிடம் கேட்பது பலன் தரும். குளியலறைக் குழாயைப் பாருங்கள். வாய்ப்பகுதியில் வெள்ளையாகப் படிந்து விரலால் சுரண்டினாலும் வராத உப்பு இருந்தால், உங்கள் துணிகளும் கெய்சரும் என்ன ஆகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். குடிப்பதற்குப் போர் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். சுத்தமான பாட்டிலில் எடுத்துப்போய்க் கட்டணம் கட்டினால் அறிக்கை தருவார்கள்.

மாநகராட்சிக் குழாயில் வருவது கலப்பு. உள்ளூர் ஆதாரங்களோடு, மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரியும் வருகிறது. காவிரி வரும் நாளில் சமையலின் ருசியே மாறும். பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு அதன் உண்மையான சுவையைக் காட்டும். தண்ணீர் தினமும் வராது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை நன்றாக அறிந்தவர் வால்வு திறக்கும் ஊழியர்தான். குடிவந்த முதல் வாரத்திலேயே அவரை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். தரைத்தொட்டி இல்லாத வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழைக்காலத்தில் இதே தண்ணீர் வேறு முகம் காட்டும். பாறைக் குன்றில் மழை பெய்தால் உறிஞ்ச மண் இல்லை, மரமும் போதாது. பெய்த சிறிது நேரத்திலேயே சரளைக் கல்லோடு செம்பழுப்பாக இறங்கி வரும் நீர், சாலைக்கு அடியில் நீர் கடந்துபோக வைத்திருக்கும் கல்வர்ட் குழாய்களைத் தேடும். அவை அடைபட்டிருந்தால் நெடுஞ்சாலையின் மலைப் பக்கத்துத் தெருக்களில் தேங்கும். திறந்திருந்தால் மறுபக்கம் பாய்ந்து தாழ்வான தெருக்களை நிரப்பிவிட்டு ஆற்றுக்குப் போகும். ஒரு ஐப்பசி இரவில் எங்கள் தெருமுனையில் நின்று இதைக் கவனித்தேன். கல்வர்ட்டின் வாயில் ஒரு கோணிப்பையும் தென்னை மட்டையும் சிக்கியிருந்தன. இளைஞர்கள் நீண்ட கழியால் அவற்றை இழுத்துப் போட்டதும், முழங்கால் வரை நின்ற தண்ணீர் சிறிது சிறிதாக இறங்கி நடைபாதைக் கல் தெரிந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. 2021 நவம்பரில் பாலாறே இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆறு என்றால் என்ன என்பதை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முதல்முறையாகப் பார்த்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பாலத்தில் போய் நின்றார்கள். ஆறு வறண்டிருக்கும்போது மணலில் இறங்கி எதிர்க்கரையில் இருக்கும் காங்கேயநல்லூருக்கு, அதாவது வாரியார் சுவாமிகள் பிறந்த ஊருக்கு, நடந்தே போகிறவர்களுக்கு அந்த நாள்களில் வழியே இல்லை.

ஆகவே வீட்டை ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். சுற்றுச்சுவரில் படிந்திருக்கும் சேற்றுக் கோடு எவ்வளவு உயரம், தெருவைவிட வாசல்படி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கவனியுங்கள். பாதாளச் சாக்கடைக்காகவும் மற்றப் பணிகளுக்காகவும் தோண்டித் தோண்டி மூடிய தெருக்களில் சாலை ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சரியான உயரத்தில் கட்டிய ஹவுசிங் போர்டு வீடுகள் பல இப்போது பள்ளத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான். மலையடிவாரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மனை வாங்குகிறவர்கள், மேலே பிடிப்பில்லாத பாறை இருக்கிறதா, நிலம் வனத்துறைக்கோ புறம்போக்குக்கோ உரியதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலூர் வெயில் ஊரறிந்தது. நாளெல்லாம் சூடேறிய பாறை இரவில் அதை மெல்ல வெளியே விடுவதால், மலையை ஒட்டிய தெருக்களில் அக்கினி நட்சத்திரத்தின் போது நள்ளிரவிலும் புழுக்கம் தணியாது. மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறார்களா, படுக்கையறைச் சுவர் மேற்கு வெயிலை வாங்குகிறதா என்பதை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

வாடகைச் சந்தையை இயக்குவது சிஎம்சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். பாபுராவ் தெரு, காந்தி சாலை, தோட்டப்பாளையம் பக்கத்து விடுதிகளில் நாள் வாடகைக்குத் தங்குகிறவர்கள், சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்போது வெளிப்பகுதிகளில் வீடு தேடுகிறார்கள். 2022-இல் ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் சிஎம்சியின் புதிய வளாகம் தொடங்கியதிலிருந்து, இரண்டு வளாகங்களுக்கும் நடுவில் அமைந்த ஊராகிவிட்டது சத்துவாச்சாரி. மருத்துவப் பணியாளர்களும் இங்கே வீடு கேட்கிறார்கள். நீங்கள் வாடகைக்கு வருகிறவர் என்றால், கல்வியாண்டு தொடங்கும் மே, ஜூன் மாதங்களைத் தவிர்த்து வாருங்கள், பேரம் பேச இடம் இருக்கும். நீங்கள் வீட்டு உரிமையாளர் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மொழி தெரியாமல், நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு படியேறி வருகிறவரிடம் இரட்டை வாடகை கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வங்காளிக் குடும்பம் நீண்ட நாள் தங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கும் என் மனைவிக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. மீன் வாங்கும் நாளில் மட்டும் இருவரும் சேர்ந்தே போவார்கள், கைச்சாடையில் பேசி விலையை முடித்துவிடுவார்கள்.

நெடுஞ்சாலையைக் கடப்பதில் மட்டும் யாரும் அவசரம் காட்டக் கூடாது. பள்ளி ஒரு பக்கமும் வீடு மறுபக்கமுமாக இருந்தால், பிள்ளை தினமும் எங்கே கடக்கும் என்பதை நீங்களே நடந்து பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள். சுரங்கப்பாதை சுற்றுவழியானாலும் அதுவே வழி. பழைய பஸ் நிலையத்துக்கும் புதிய பஸ் நிலையத்துக்கும் டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் தாராளமாக உண்டு. ரயிலுக்குக் காட்பாடி வரை போக வேண்டும். கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.

மலையிலிருந்து ஆற்றுக்குப் போகும் அந்த நீர்வழிகளைப் பற்றித் தெருக்காரர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் மனு கொடுத்து வருகிறோம். எழுதித் தருபவர் அந்தக் கருவூலத்துப் பெரியவர். கல்வர்ட் ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் வரைபடமாகப் போட்டு இணைக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள் அவற்றைத் தூர்வார வேண்டும் என்பதும், சாலை போடும் முன் பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் போட வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. புதிதாகக் குடிவருகிறவர்கள் வாடகைக்கு இருந்தாலும் சரி, சொந்த வீடானாலும் சரி, இந்த மனுவில் கையெழுத்திட வாருங்கள். கையெழுத்து கூடக் கூட வேலை சீக்கிரம் நடக்கிறது என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.